தொமிங்கோவுக்கு முப்பது நாள்

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. இதை நான் முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லி வந்தேன். போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிஷத்துக்கு, அது பொய்யாகிவிட்டது.

அன்று காலையில் என் மனைவி தெல்மீரா தன் பெரியப்பா மகன் எவரிஸ்தோவின் பண்ணைக்குப் போனாள். போகும்போது கையில் ஒரு கூடை, கூடைக்குள் ஒரு கேக். திரும்பி வரும்போது அதே கூடைதான். உள்ளே கேக் இல்லை. இரண்டு காது இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"நீயே சொல்லு கிழவா. நாப்பத்தோரு வருஷம் கம்பளி மூட்டை எடை போட்டவன். ஒண்ணப் பாத்தா என்னன்னு தெரியாதா?"

எங்கள் ஊர் துராஸ்னோவில் எல்லா மனைவிகளும் புருஷனைக் கிழவா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு இருபத்தாறு வயதில் அவள் அதைத் தொடங்கினாள். இப்போது எனக்கு எழுபத்திரண்டு. இப்போதுதான் பொருத்தமாக இருக்கிறது.

"நாய்" என்றேன்.

"அப்பாடா. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

கண் நன்றாகத்தான் இருக்கிறது. போனது மூக்கு. அலசாத கம்பளியில் ஒரு பிசுக்கு வாடை உண்டு. அதன் நடுவே நாற்பத்தொரு வருஷம் நின்றவனுக்கு ரோஜாவும் ஒன்றுதான், ரப்பர் செருப்பும் ஒன்றுதான். இதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் இந்த மூக்கு என்னைக் காலை வாரிவிடப் போகிறது.

"பேரு தொமிங்கோ" என்றாள். எங்கள் பேச்சில் ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான் பெயர்.

"வியாழக்கிழமை வந்திருந்தா என்ன பேரு வச்சிருப்ப?"

"வியாழக்கிழமை உனக்குப் பல் வைத்தியர்கிட்ட வேலை இருந்துச்சு. நான் கூட வரணும். அதான் ஞாயிறு பாத்துப் போனேன்."

இந்தப் பேச்சு முடிவதற்குள் தொமிங்கோ கூடையிலிருந்து உருண்டு இறங்கியது. வரவேற்பறையை ஒரு சுற்று சுற்றியது. வீட்டில் பதினொரு நாற்காலி உண்டு. அதில் பத்து நாற்காலியை விட்டுவிட்டு என் சிவப்புச் சாய்வு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தது. அதன் இடது முன்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, ஒரு சாசர் அளவுக்குக் குளம் வெட்டியது.

அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கூட்டம் ஒத்துவராது. கடையில் நாலு பேர் நின்றால் நான் ஐந்தாவதாக நிற்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை, ஊரே கதவடைத்துத் தூங்கும் நேரத்தில், ரேடியோவைத் தணித்து வைத்து அந்த நாற்காலியில் சாய்ந்திருப்பதுதான் எனக்கு உலகத்தில் உள்ள ஒரே சுகம். அதன் காலடியில் குளம் என்றால் என்ன அர்த்தம்.

மறுநாள் திங்கட்கிழமை காலை நான் ஒரு முடிவோடு எழுந்தேன். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினேன். தெல்மீரா அடுப்படி மேஜையில் உட்கார்ந்து, சுரைக்குடுவையில் மாத்தே இலைத் தூளின் மேல் வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன்.

"ஒன்று. இன்றிலிருந்து முப்பது நாள் நாய் இந்த வீட்டில் இருக்கலாம். இரண்டு. வீட்டுக்குள் அது போடும் ஒவ்வொரு குளமும் இந்த நோட்டில் ஏறும். மூன்று. கடைசி ஏழு நாளில் குளம் மூன்றுக்கு மேல் போனால், நாய் எவரிஸ்தோவின் பண்ணைக்கே திரும்பிப் போகும். மறுபேச்சு கிடையாது."

"மூணு வரைக்கும் இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்."

"அவ்வளவுதானா? தோத்தா எனக்கு நாய் போகுது. ஜெயிச்சா உனக்கு ஒண்ணும் போகலையே. மூட்டைய ஒரு பக்கத் தட்டுல வச்சுட்டு இன்னொரு தட்டுல ஒண்ணுமே வைக்கலன்னா அது தராசா கிழவா?"

தராசு என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தைக்கு நான் மயங்குவேன் என்று அவளுக்குத் தெரியும். குட்டியைப் பார்த்தேன். அது தன் வாலைப் பிடிக்கப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. இதுவாவது திருந்துவதாவது.

"இது முப்பது நாள்ல திருந்திடுச்சுன்னா" என்றேன், "எவரிஸ்தோ வீட்டுல மிச்சம் இருக்கிற குட்டிங்களையும் நானே கொண்டாந்து வளக்கிறேன். போதுமா?"

"எழுது."

"சொன்னாப் போதாதா?"

"எழுது கிழவா. வாயால சொன்னா காத்துல போயிடும். நீ சொன்னதுதான இது."

அதை நான் எங்கள் கம்பளிக் கிடங்கின் புது ஆட்களுக்குச் சொல்வது வழக்கம். எழுதினேன். நான்காவது என்று எண் போட்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஒன்பது குளம். இரண்டாம் நாள் பத்து. நான் பழைய செய்தித்தாள்களை வரவேற்பறை முழுக்க விரித்தேன். குட்டி அவற்றை மதித்தது. ஒரு துளிகூட அவற்றின்மேல் விழவிடவில்லை. தாளைச் சுற்றி நடந்து, தாள் முடிகிற ஓரத்தில், நான்கு விரல் தள்ளி, தரையில் குளம் வெட்டியது.

"என்ன செய்யுது அது?" என்றேன்.

"தலைப்புச் செய்தி படிக்குது. தொந்தரவு பண்ணாத."

மூன்றாம் நாள் பதினொன்று. நான்காம் நாள் பன்னிரண்டு. ஐந்தாம் நாள் செய்தித்தாளைக் கிழித்து என் நாற்காலிக்கு அடியில் ஒரு கூடு கட்டிக்கொண்டது. அன்றும் பன்னிரண்டு. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு நாளில் பன்னிரண்டு தடவை முழங்கால் போட்டுத் துடைக்கிறவனை ஜெயித்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துடைப்பது யார் என்று ஒப்பந்தத்தில் எழுத மறந்துவிட்டேன். தெல்மீரா அதைச் சரியாகக் கவனித்திருந்தாள்.

ஆறாம் நாள் காலை பக்கத்து வீட்டு சுலேமா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். அவளுடைய தலை அந்தச் சுவருக்கென்றே அளவெடுத்துச் செய்தது. சரியாக மோவாய் வந்து உட்காரும்.

"தோன் எலாதியோ, ராத்திரியும் பகலும் துணி பிழியுற சத்தம் கேக்குதே. நாய்க்கு என்ன பண்றீங்க?"

எலாதியோ என் பெயர், தோன் என்பது வயசுக்குக் கொடுக்கும் மரியாதை. அடுத்த வீட்டுப் பெண்கள் என்னிடம் நேராகக் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தொப்பிக்குள் போய்விடும். தெல்மீராதான் சொன்னாள்.

"செய்தித்தாள் போட்டுப் பாத்தார். அதுக்குப் படிப்புல ஆர்வம் ஜாஸ்தி."

"தாள் எதுக்கு? தண்ணி பாட்டில் வச்சீங்களா?"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். துராஸ்னோவில் இது தெரியாத ஆள் கிடையாது. வீட்டு வாசலில், மரத்தடியில், புல்தரையில், நாய் வந்து அசிங்கம் செய்யக்கூடாத இடத்தில் எல்லாம் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைப்போம். நாய் அண்டாது. ஏன் அண்டாது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து வெட்கப்படும் என்பார்கள். வெயில் பட்டுக் கண் கூசும் என்பார்கள். எங்கள் தெருவில் மட்டும், நான் எண்ணியவரை, நாற்பத்தாறு பாட்டில் நிற்கிறது. வாசலில் வைப்பதை வீட்டுக்குள் வைக்கலாம் என்று இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை?

"வீட்டுல காலி பாட்டில் இல்லையே" என்றேன். சுலேமாவிடம் நான் அந்த வருஷம் பேசிய முதல் வாக்கியம் அது.

"என்னோடத எடுத்துக்குங்க. வாசல்ல எட்டு நிக்குது. ஆறு வருஷமா வெயில் மழை பாத்த பாட்டிலு. அனுபவம் உள்ளது."

அனுபவம் உள்ளவை என்பது எனக்குப் பிடித்திருந்தது. நானே இரண்டு நடையில் எட்டையும் தூக்கி வந்தேன். தெல்மீரா ஒரு பாட்டிலைக் கிட்டே கொண்டுபோய் மூக்கைச் சுளித்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குழலை வாயில் வைத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அதையும் நான் கவனிக்கவில்லை.

நாற்காலியின் நான்கு காலுக்கும் ஒவ்வொன்று. ரேடியோவுக்கு அடியில் ஒன்று. குளியலறைக் கதவுக்கு ஒன்று. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு. வேலை முடிந்தது. குட்டி வந்தது. முதல் பாட்டிலை மோந்தது. அதன் முகம் மலர்ந்தது. நாய்க்கு முகம் மலருமா என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன். உட்கார்ந்தது. எழுந்தது. இரண்டாவது பாட்டிலுக்குப் போனது. உட்கார்ந்தது.

"என்ன இது?"

"பாட்டிலைப் பாத்து வெக்கப்படுது" என்றாள் தெல்மீரா.

ஏழாம் நாள் பதினான்கு. எட்டாம் நாள் பதினேழு. அது அந்த நோட்டின் உச்சம், அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். குட்டி ஒரு பாட்டிலையும் விட்டுவைக்கவில்லை. வரிசையாகப் போய்வந்தது. தபால்காரர்கூட இத்தனை ஒழுங்காகக் கடிதம் போடுவதில்லை.

ஒன்பதாம் நாள் நான் பொறுமை இழந்தேன்.

"இந்தப் பாட்டிலையெல்லாம் தூக்கி எறியப் போறேன்."

"எறியாத. எலுமிச்ச மரத்தடியில வச்சுக்கிறேன். மரத்துக்கு ஈரம் வேணும்."

"எதையாவது செய். என் கண்ணுல படாம இருந்தா சரி."

எட்டையும் அவளே பின்கட்டுக்குக் கொண்டுபோய் எலுமிச்சை மரத்தைச் சுற்றி வட்டமாக நிறுத்தினாள். ஏதோ கோயில் கட்டுகிறவள்போல இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தாள்.

நான் அன்றிலிருந்து வேறு முறைக்கு மாறினேன். கண்டிப்பு. குட்டியின் முன்னால் நின்று, விரலை நீட்டி, "இல்லை" என்று மூன்று தடவை சொல்வேன். மூன்றுதான், நான்கு அல்ல. பிறகு பின்கதவைத் திறந்து விடுவேன். என்ன ஆச்சரியம். பத்தாம் நாள் எட்டு. பன்னிரண்டாம் நாள் ஐந்து. பதினைந்தாம் நாள் இரண்டு. கதவு திறந்ததும் குட்டி அம்புபோல எலுமிச்சை மரத்துக்கு ஓடியது. பதினெட்டாம் நாள் நோட்டில் ஒரு பூஜ்யம் போட்டேன். பெரிதாக, வட்டமாக.

"பாத்தியா" என்றேன். "கண்டிப்பு."

"பாத்தேன் பாத்தேன்" என்றாள். "உன் விரலைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பூஜ்யம் விழுந்தால் தோற்பது நான். ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் போடும்போது எனக்குத் தோற்கிற மாதிரி இல்லை.

என்னிடம் பழைய கொக்கித் தராசு ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்றபோது கிடங்கில் கொடுத்தது. திங்கட்கிழமைதோறும் குட்டியை ஒரு துணிப்பைக்குள் உட்கார வைத்து எடை போட்டேன். ஒரு ஒழுங்குக்காகத்தான். முதல் வாரம் மூன்று கிலோ நூறு. பிறகு மூன்று எழுநூறு. நான்கு நானூறு. இருபத்திரண்டாம் நாள் ஐந்து கிலோ இருநூறு. நான் எடை போட்டவற்றில் எந்த மூட்டையும் முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்ததில்லை. இது பார்த்தது. முள் நின்றதும் எண்ணை உரக்கச் சொல்வேன். அப்போது வாலை ஆட்டும். எண்ணை மதிக்கிற ஒரு ஜீவன் அந்த வீட்டில் என்னைத் தவிர அதுதான்.

மதியம் சாய்வு நாற்காலியில் நான் படுத்தால் என் இடது பாதத்தின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். அந்தப் பாதத்தில் எனக்கு வாதம். குளிர் காலத்தில் கம்பளிக் காலுறை இரண்டு போட்டாலும் சூடு வராது. ஐந்து கிலோ இருநூறு கிராம் போட்டால் வருகிறது. அதோடு, அது என்னிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இருபத்து நான்காம் நாள் புதன்கிழமை. கடைசி ஏழு நாள் தொடங்கியது. அன்று மதியம் கண் விழித்தால் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குளம். ஆறு நாள் தொடர்ந்து பூஜ்யம், இப்போது திடீரென்று ஏன்? குளிராக இருக்கும் என்று நினைத்தேன். எழுதினேன். ஒன்று.

இருபத்தைந்தாம் நாள் ரேடியோவுக்கு அடியில். எழுதினேன். இரண்டு. குட்டியைத் தனியாக அழைத்துப் பேசினேன்.

"இதப் பாரு. இன்னும் ஒண்ணுதான் இடம் இருக்கு. அதுக்கு மேல போனா பண்ணை. பண்ணையில நாற்காலி கிடையாது. புரியுதா?"

அது என் பொத்தானை நக்கியது.

இருபத்தாறாம் நாள் குளியலறைக் கதவடியில். பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். எழுதினேன். மூன்று. தெல்மீரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எழுதிட்டியா கிழவா?"

"எழுதிட்டேன்."

"அப்போ இன்னும் ஒண்ணு வந்தா எவரிஸ்தோவுக்குப் போன் பண்ணணும்."

"எனக்கு எண்ணத் தெரியும்."

அன்று பின்கட்டுக்குப் போனபோது மரத்தடியில் பாட்டில்களை எண்ணினேன். எட்டு இருந்தது. ஆனால் ஒன்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே.

"ஒரு பாட்டில் ஒழுகுது" என்று அவளிடம் சொன்னேன்.

"வயசானா எல்லாந்தான் ஒழுகும்" என்றாள்.

இருபத்தேழாம் நாள், சனிக்கிழமை, மதியம் இரண்டே கால். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே நான்காவது குளம். தெல்மீரா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள், குறட்டை கேட்டது. குட்டி என் பாதத்தின் மேல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு மூட்டையின் எடையை அரைக் கிலோ கூட்டியோ குறைத்தோ நான் எழுதியதில்லை. முதலாளியின் மைத்துனர் வந்து கேட்டபோதும் எழுதவில்லை. அன்றைக்கு முழங்காலில் உட்கார்ந்தேன். துடைக்கும் துணி அடுப்படியில் இருந்தது, அங்கே போனால் தரைப்பலகை சத்தம் போடும். உள்பனியனைக் கழற்றினேன். துடைத்தேன். ஈரப் பனியனை மெத்தைக்கடியில் வைக்க முடியாது, மெத்தையின் மேல் அவள் இருந்தாள். மறுபடியும் போட்டுக்கொண்டேன்.

நான்கு மணிக்கு எழுந்து வந்தாள். என் முதுகில் கை வைத்தாள்.

"என்ன கிழவா, பனியன் ஈரமா இருக்கு?"

"வேர்வை."

"ஜூலை மாசக் குளிர்லயா?"

"மாத்தே சிந்திடுச்சு."

"முதுகுலயா?"

நான் எழுந்து ரேடியோவைத் திருகினேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். நோட்டில் அன்றைய கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் கொஞ்சம் கோணலாக வந்தது.

இருபத்தெட்டாம் நாள் கதவோரம். இந்தத் தடவை செய்தித்தாளால் துடைத்து விறகடுப்புக்குள் திணித்தேன். ஈரத் தாள் எரியாது, புகையும். தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் மறந்துவிட்டது.

"என்ன புகையுது?"

"பேப்பர்."

"பேப்பர்ல அப்படி என்ன போட்டிருக்கான்?"

"ஒண்ணும் சரியில்ல" என்றேன். கோணல் பூஜ்யம் இரண்டாயிற்று.

இருபத்தொன்பதாம் நாள் மாலை சுலேமா வந்தாள். யாராவது வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன், ஊருக்கே தெரியும். வணக்கம் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போன நேரத்தில் மேஜைக்கு அடியில் பார்த்தேன். இருந்தது. நடுவில். மூன்று பேரின் காலுக்கும் சம தூரத்தில். நான் மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டி, செருப்போடு அதை மூடினேன்.

"தோன் எலாதியோ நம்மளோட உக்காந்துட்டாரே" என்றாள் சுலேமா. "உடம்பு சரியில்லையா?"

"அவரு இப்பல்லாம் மாறிட்டாரு" என்றாள் தெல்மீரா. "ஆளுங்கன்னா உசிரு. இன்னொரு குடுவை ஊத்தட்டுமா கிழவா?"

"ம்."

செருப்பு குடித்தது. பிறகு காலுறை குடித்தது. அதற்குள் இருந்த இன்னொரு காலுறையும் குடித்தது. சுலேமா தன் மருமகளின் பித்தப்பைக் கல்லைப் பற்றிச் சொன்னாள். கல் எத்தனை என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே. பதினான்கு என்றாள். தெல்மீரா மறுபடியும் வெந்நீர் வைத்தாள். மாவு பிசைந்து வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்தாள். மழை பெய்தால் மட்டும் பொரிக்கிற பண்டம் அது. அன்று வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. ஐம்பது நிமிஷம் இடது காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். போகும்போது சுலேமா என் தோளைத் தட்டினாள்.

"இவ்வளவு நல்ல மனுஷன்னு தெரியாமப் போச்சே. இனிமே தினமும் வர்றேன்."

முப்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. குளம் இல்லை. காலை பத்து மணிக்கு அடுப்படி மேஜையில் நோட்டை விரித்தேன். குட்டி என் பாதத்தின் மேல் இருந்தது. தெல்மீரா எதிரில்.

"கடைசி ஏழு நாள்" என்று வாசித்தேன். "புதன் ஒன்று. வியாழன் ஒன்று. வெள்ளி ஒன்று. சனி பூஜ்யம். ஞாயிறு பூஜ்யம். திங்கள் பூஜ்யம். செவ்வாய் பூஜ்யம். மொத்தம் மூன்று. மூன்றுக்கு மேல் போகவில்லை. நாய் இருக்கும்."

நோட்டை மூடினேன். தோற்றவன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து அப்படி வைத்துக்கொண்டேன்.

"திருந்திடுச்சு" என்றாள்.

"என்ன செய்யறது. திருந்திடுச்சு."

"அப்போ நாலாவது வரியப் படி."

எனக்கு நாலாவது வரி நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. முதல் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்துதான். அழகாக இருந்தது. மிச்சம் இருக்கும் குட்டிகளையும் நானே கொண்டுவந்து வளர்க்கிறேன்.

"எவரிஸ்தோ இந்நேரம் எல்லாத்தையும் யாருக்காவது குடுத்திருப்பான்" என்றேன்.

"யாருக்கும் குடுக்காதேன்னு அன்னிக்கே சொல்லிட்டு வந்தேன்."

நான் குழலை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். குடுவை காலி. காற்றுதான் வந்தது. கணக்கைச் சொன்னால் நாய் போய்விடும். சொல்லாவிட்டால் நாய்கள் வந்துவிடும். தராசில் இந்தப் பக்கமும் நான், அந்தப் பக்கமும் நான்.

"தெல்மீரா" என்றேன். "கணக்குல ஒரு பிழை இருக்கு."

"உன் கணக்குலயா?"

"மூணு இல்ல. ஆறு. சனி, ஞாயிறு, திங்கள். நான் துடைச்சுட்டேன். எழுதல."

"அப்போ அது திருந்தல."

"திருந்தல."

"அப்போ மூணாவது வரி. நாய் பண்ணைக்குப் போகணும்."

"போக வேண்டாம்."

"உன் நோட்டு சொல்லுதே கிழவா. மறுபேச்சு கிடையாதுன்னு."

"நோட்டு கிடக்கட்டும்" என்றேன். அதைச் சொன்னது என் வாய்தான். எனக்கே கேட்டது. "இது ஒண்ணு இருக்கட்டும். மத்தது வேண்டாம். என் காலு குளிருது."

தெல்மீரா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் சுலேமாவின் பாட்டில்களில் ஒன்று. காலி. அதை மேஜையில், நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறும் இல்ல. மூணும் இல்ல. ஒண்ணுமே இல்ல. உன் நாய் பதினெட்டாம் நாளே திருந்திடுச்சு. இந்தப் பாட்டில ஆறு வருஷம் தெருநாய் பூரா நனைச்சிருக்கு. ஊர்ல மூக்கு உள்ளவங்க யாரும் இத வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டாங்க. நீ கொண்டுவந்த. பாட்டில் எங்கயோ அங்கதான் இது போகும்னு தெரிஞ்சுது. மரத்தடியில வச்சேன். முடிஞ்சுது."

"அப்போ அந்த ஆறு குளம்?"

"இந்தப் பாட்டில்ல இருந்த குழாத் தண்ணி. ஒவ்வொண்ணா நான்தான் ஊத்தினேன்."

"குறட்டை கேட்டுச்சே."

"குறட்டை விட எனக்குத் தூக்கம் வேணுமா?"

பனியனை நினைத்தேன். காலுறையை நினைத்தேன். சுலேமாவின் மருமகளுடைய பதினான்கு கல்லையும் நினைத்தேன்.

"எதுக்கு?" என்றேன்.

"பின்ன? வேண்டாம்னு நினைக்கிறவன் வீட்டுல ஒரு குட்டி எப்படி வளரும்? நாலாவது குளத்தையும் நீ நோட்டுல எழுதியிருந்தா அன்னிக்கே கொண்டுபோய் விட்டிருப்பேன். மூணாவத நீ எழுதினப்ப தோத்துட்டேன்னே நினைச்சேன்." பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "சரி, கணக்கத் திருத்து. ஏழு நாளும் பூஜ்யம். திருந்திடுச்சு. நாலாவது வரி அப்படியே நிக்குது."

நாற்பத்தொரு வருஷம் எடை போட்டவன் எழுதிய ஏழு நாள் கணக்கில் எழுதியது மூன்று தப்பு, மறைத்தது மூன்று தப்பு, மிச்சம் இருந்தது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். மூன்றை அடித்துப் பூஜ்யம் போட்டேன். கோணலாக இல்லை.

வெளியே எவரிஸ்தோவின் வண்டி ஹாரன் அடித்தது. பத்து மணிக்கே வரச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. வண்டியின் பின்பக்கத்தில் எதுவோ கீச்சிட்டது. ஒன்றல்ல. தொமிங்கோ என் பாதத்திலிருந்து குதித்து வாசலுக்கு ஓடியது. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. ஒரு மூட்டையைக்கூட எண்ணாமல் கையெழுத்துப் போட்டவனில்லை நான். அந்தத் திங்கட்கிழமை காலை மட்டும் கேட்கவில்லை.

"மிச்சம் எத்தனை?" என்றேன்.

"நீதான கணக்குக்காரன்" என்றாள் தெல்மீரா. "வெளிய வந்து எண்ணிப் பாரு."

எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் நின்றால்தானே.